கொல்லையில் ஒரு மூங்கில்

எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்து வருஷத்துக்கு முன்பு வெயில் இருந்தது. இப்போது இல்லை.

"வெயில் போனதற்கு ஒரு கட்டுரையா? திருவண்ணாமலையில் நிழல் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே!" என்று சிலர் கேட்பார்கள். சித்திரை மாசத்துப் பகலில் கிரிவலம் புறப்பட்டு, பதினான்கு கிலோமீட்டரும் காலைச் சுட்டுக்கொண்டு நடந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிழலிலும் பல தினுசு உண்டு. வேப்பமரத்து நிழல் ஒன்று. மூன்று மாடிச் சுவரின் நிழல் வேறொன்று. முதலாவதில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கலாம். இரண்டாவதில் துணிகூடக் காயாது.

பெரிய கோயிலுக்குக் கிழக்கே சில தெருக்கள் தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. வாசல் கிழக்கு, கொல்லை மேற்கு. கொல்லை என்றால் தோப்பு துரவு என்று எண்ணிவிட வேண்டாம். முப்பதடி அகலம், இருபத்திரண்டடி நீளம். ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னக் கொல்லைக்குள் அண்ணாமலை முழுசாக அடங்கியிருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால், இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல் உயரமுள்ள அந்த மலை, எங்கள் முருங்கை மரத்துக்குப் பின்னால் எங்களுக்கென்றே நிறுத்தி வைத்ததுபோல நிற்கும். கார்த்திகைத் தீபத்தன்று ஊர் முழுக்கக் கூட்டத்தில் இடிபட்டு அண்ணாந்து பார்க்கும்போது, என் அம்மா கல்லின் மேல் கால் நீட்டி உட்கார்ந்து, கையிலிருக்கும் அகலைக் கீழே வைக்காமலே மலைத்தீபம் பார்ப்பாள். இடுப்பு வலி வந்த பிறகு கோயில் கூட்டத்துக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். "மலையே வீட்டுக்கு வந்திருக்குது, நான் எங்கடா போவணும்?" என்பாள்.

அப்புறம் பின் மனை கைமாறியது. கிரிவலம் வருகிறவர்களுக்காக அங்கே மூன்று மாடியில் ஒரு தங்கும் விடுதி எழும்பியது. இந்த ஊரில் எந்தத் தெருவில் எழும்பவில்லை? அதற்காக யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தால் எங்கேயாவது படுக்கத்தானே வேண்டும்? ஆனால் விடுதியின் முதுகு எங்கள் கொல்லையைப் பார்க்க நின்றது. அந்த முதுகில் பதினைந்து ஜன்னல். மலையில் முக்கால் பங்கு மறைந்துபோயிற்று. வடமேற்கு மூலையில், விடுதிச் சுவர் முடிந்து பக்கத்து வீட்டு மதில் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு ஆள் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. அதிர்ஷ்டவசமாக மலையின் உச்சி அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

மலை போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை, அம்மா தலைக்குக் குளித்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து கூந்தலை ஆற்றிக்கொண்டிருந்தாள். முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பையன் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். ஜன்னல் சாத்திக்கொண்டது. அம்மா என்னைத்தான் கண்டித்தாள். "எழுபத்தெட்டு வயசுக் கிழவி. எடுத்துக்கினு போவட்டுமே. கிராமத்துல அவன் பாட்டியாண்ட காட்டுவான்."

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஜன்னலுக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும் என்று முடிவு செய்தேன். மதிலை உயர்த்தலாம், காசும் ஆகும், இருக்கிற காற்றும் போகும். தென்னை வைத்தால் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். நண்பர் ஒருவர், நம் கோயிலின் தல விருட்சம் மகிழம், அதையே வையுங்கள் என்றார். மகிழம் நல்ல மரம்தான். ஆனால் நிதானமாக வளர்ந்து, கடைசியில் முப்பதடிக் கொல்லையைத் தனக்கே வேண்டும் என்று கேட்கும். சீக்கிரம் வளர வேண்டும், அகலம் எடுக்கக்கூடாது, அடர்த்தியாக இருக்க வேண்டும், நிழலிலும் பிழைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள் சொல்கிற லட்சணங்கள் மாதிரி இந்தப் பட்டியலை அடுக்கிக்கொண்டே வந்தபோது எனக்கு மூங்கில் ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். பூ கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மூங்கிலா? ஊட்லயா?"

"ஏம்மா, வீட்டில் வைத்தால் என்ன?"

"வாணாம்டா." அவ்வளவுதான் சொன்னாள்.

பச்சை மூங்கில் என்றால் நம் ஜனங்களுக்குப் பாடைதான் ஞாபகம் வரும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைப் புத்தகங்களிலே பொறுக்கிக்கொண்டவனுக்கு ஒரு குணம் உண்டு. தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். நான் பிரசங்கம் செய்தேன். முறம் மூங்கில், கூடை மூங்கில், புல்லாங்குழல் மூங்கில், கல்யாணப் பந்தலுக்கு மூங்கில், மாடு கட்டும் கொட்டகைக்கு மூங்கில் என்றேன். திருநெல்வேலியில் நெல்லையப்பருக்கு மூங்கில்தான் தல விருட்சம், சுவாமிக்கே வேணுவனநாதர் என்று பேர் என்றேன். பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் உணவு நான்கு என்று கபிலர் புறநானூற்றில் எண்ணுகிறாரே, அதில் முதலாவது மூங்கில் நெல் என்றேன். பெண்களின் தோளுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்னது எதை என்று கேட்டேன்.

அம்மா பூவைத் தொடுத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். "உன் இஷ்டம்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தைகளைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பெற்ற தாயின் "உன் இஷ்டம்" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் துணை உண்டு.

செய்தி பரவியதும் உறவினர் ஒருவர் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, சிவப்பு நாடா கட்டிய ஒரு 'அதிர்ஷ்ட மூங்கில்' கொண்டுவந்து கொடுத்தார். பிற்பாடு விசாரித்ததில் அது மூங்கிலே இல்லை என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா என்ற செடியாம். மூங்கில் வேஷம் போட்டுக்கொண்டு மேஜை மேல் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவைத்தேன். வேஷம் போடுகிறவர்களை வீட்டைவிட்டு விரட்டினால் கதை எழுதுகிறவன் முதலில் கிளம்ப வேண்டியிருக்கும்.

நிஜ மூங்கிலை ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கினேன். மஞ்சள் தண்டு, ஒவ்வொரு கணுவிடையிலும் பச்சைக் கோடு, தூரிகையால் இழுத்ததுபோல. "சின்னதாகத்தான் வரும் சார், அழகுக்கு வைக்கிறது" என்றார் பண்ணைக்காரர். நான்கு கன்று வாங்கி, ஆடி மாசத்தில் மேற்கு மதில் ஓரம் வைத்தேன்.

முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருஷம் விரல் பருமனில் இரண்டு மூன்று குருத்து. மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில்தான் நான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்பது தெரிந்தது. ஒரு நாள் காலையில் மண்ணைப் பிளந்துகொண்டு, என் மணிக்கட்டைவிடப் பருத்த ஒரு முளை நின்றது. மூங்கிலின் விசித்திரம் அது. மரம் வருஷா வருஷம் சதை போடும். மூங்கில் அப்படியில்லை. மண்ணிலிருந்து கிளம்பும்போதே கடைசிவரை இருக்கப்போகிற பருமனோடு கிளம்புகிறது. இரண்டு மூன்று மாசத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதற்குமேல் உயரவும் செய்யாது, பருக்கவும் செய்யாது. உள்ளுக்குள்ளே மூன்று நான்கு வருஷம் வைரம் பாய்ந்துகொண்டிருக்கும். பண்ணைக்காரர் 'சின்னது' என்று சொன்ன அந்த மஞ்சள் மூங்கில், நல்ல இடத்தில் ஐம்பதடி போகக்கூடிய ஜாதி. ஐப்பசிக்குள் அது இரண்டாவது மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது.

தொட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நிழலில் நிற்கிற செடிக்கு ஒரு புத்தி உண்டு. வெளிச்சம் எங்கே வருகிறதோ அங்கே சாயும். எங்கள் கொல்லையில் வெளிச்சம் வரும் ஒரே வழி, அந்த வடமேற்கு இடைவெளி. நான்கு தூறும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டதுபோல் அந்தப் பக்கமே வளைந்து தழைத்தன. பதினைந்து ஜன்னலில் ஆறுதான் மறைந்தது. மலை முழுக்க மறைந்துவிட்டது.

நான் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கார்த்திகைத் தீபத்தன்று வெளியூர் நண்பர்கள் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மாட வீதிக்குப் போய்விட்டேன். ராத்திரி திரும்பி வந்து, "தீபம் பார்த்தாயா அம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"கேட்டேன்டா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அரோகரான்னு சத்தம் கேட்டுது. ஏத்திட்டாங்கன்னு தெரிஞ்சுது. கையெடுத்துக் கும்பிட்டேன்."

கொல்லைக்கு ஓடிப் பார்த்தேன். மூங்கில் இலைகள் இருட்டில் சலசலத்துக்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் எங்கேயோ கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. தீபமா, தெருவிளக்கா என்று சொல்ல முடியவில்லை. தீபம் பதினோரு நாள் எரியும். மறுநாளே நாலைந்து கழிகளை வெட்டி வழி விட்டேன் என்பது வாஸ்தவம். ஆனால் ஏற்றுகிற அந்த ஒரு கணம் அடுத்த வருஷம்தானே திரும்பி வரும்? எண்பது வயதை எட்டிய ஒருத்தியிடமிருந்து ஒரு வருஷத்துத் தீபத்தை எடுத்துக்கொள்ள எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

தை மாசத்தில் கூடைக்காரம்மா வந்தாள். வருஷம் ஒரு தடவை முறம், கூடை, தட்டு எல்லாம் தலையில் அடுக்கிக்கொண்டு வருகிறவள். அம்மாவுக்கும் அவளுக்கும் முப்பது வருஷத்துப் பழக்கம். கொல்லையில் உட்கார்ந்து பழைய முறத்துக்கு விளிம்பு கட்டிக்கொண்டே எங்கள் மஞ்சள் மூங்கிலை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரும்மா இத வச்சது?"

"எம் புள்ளதான்."

"பார்க்க ராஜா மாதிரி இருக்கும். பொளந்தா ஒண்ணுமில்ல. வெட்டி வச்ச ஆறு மாசத்துல பூச்சி மாவாக்கிடும்."

நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். அதாவது எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அவளிடம், என்னிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு மூங்கிலே புடிக்காதும்மா. எங்க வூட்டுக்காரரு போனன்னைக்கு வாசல்ல உக்காந்து பச்சை மூங்கிலப் பொளந்தாங்க. அந்தச் சத்தம் இருக்குது பாரு... அழுகைச் சத்தம்லாம் மறந்துபோச்சு. அது மட்டும் காதுலயே நிக்குது."

அப்பா இறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வாசலில் மூங்கில் பிளந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அந்தச் சத்தம் உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்கும் என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, அப்புறமும் தோன்றவில்லை. நான் அவளுக்குக் கபிலரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூடைக்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மூங்கில் நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, "அந்தச் சத்தம்தாம்மா எனக்குச் சோறு. பொறந்ததுலேர்ந்து அதக் கேட்டுக்கினுதான் தூங்கி எழுந்திருக்கிறேன். எங்க ஊட்ல தூளி கட்டுற கம்பும் அதான்" என்றாள்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அது வாதமாகப் போயிருக்கும். அவள் சொன்னபோது அது வாதமாக இல்லை. அம்மா "ஆமாம்மா, உனக்கு அது சோறு" என்று மட்டும் சொன்னாள். பிற்பாடு இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள்.

மஞ்சள் மூங்கிலைத் தோண்டி எடுக்க இரண்டு ஆட்களுக்கு நாலு நாள் பிடித்தது. மண்ணுக்குள் கிழங்கும் வேரும் பின்னிக்கொண்டு பாறையாகக் கிடந்தன. கடப்பாரை இரண்டு வளைந்தது. மூங்கில் வைக்கிறவர்கள் முதலில் அதை எடுப்பது எப்படி என்று யோசித்துவிட்டு வைக்க வேண்டும் என்ற ஞானம் எனக்குக் கூலி கொடுத்த அன்று வந்தது.

அதன் பிறகுதான் நான் மூங்கிலை ஒழுங்காகப் படித்தேன். படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. மூங்கில் மரமில்லை, புல். வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியர் மரபியலில் பிரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். 1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டமோ அதை மரம் என்று எழுதி வைத்தது. அதனால் சொந்த நிலத்தில் மூங்கில் வளர்த்தவனுக்குக்கூட வெட்டவும் வண்டியில் ஏற்றவும் அனுமதித் தொல்லை. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமில்லை என்று சட்டம் திருந்தியது 2017இல். தொல்காப்பியரைப் படிக்க சர்க்காருக்குத் தொண்ணூறு வருஷம் ஆயிற்று.

மூங்கிலில் இரண்டு பெரும் பிரிவு. குளிர்ப் பிரதேசத்து மூங்கில்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் ஓடுகிற ஜாதி. இங்கே வைத்தால் பக்கத்து வீட்டுச் சமையலறையில் முளைக்கும். நம் வெப்ப தேசத்து மூங்கில்கள் தூறு கட்டுகிற ஜாதி. நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் பெருக்கும். சின்னக் கொல்லைக்காரன் தூறு கட்டும் ஜாதியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. அதிலும் எத்தனை விதம்! நம் காடுகளில் யானை தின்கிற பெரிய முள் மூங்கில் எண்பது, நூறு அடி போகும். அடியில் பூனைகூட நுழைய முடியாதபடி முள் பின்னும். காவல்காரன் தடிக்கும் கூரைக்கும் போகிற கல் மூங்கில் உள்ளே கிட்டத்தட்டக் கெட்டி. வறட்சியைத் தாங்கும், நம் வெயிலுக்கும் சரளை மண்ணுக்கும் ஏற்றது. ஆனால் அதற்கு வெயில் வேண்டும். முப்பது நாற்பது அடியாவது எழும்பும். என்னிடம் இருப்பது உச்சிப் பொழுதில் இரண்டரை மணி நேர வெயில். மலைக்கு நான் விட வேண்டியது ஒரு ஆள் அகல வழி.

நிழலில் வளரும் மூங்கில் கிடையாதா என்றால், உண்டு. ஓர் இலக்கியக் கூட்டத்துக்குத் திருச்சூர் போயிருந்தபோது விசாரித்தேன். பக்கத்தில் பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1975இல் ஆரம்பித்தது, மூங்கிலைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக் கரைகளில், பெரிய மரங்களின் நிழலில், 'ஈற்ற' என்று மலையாளத்தில் சொல்லும் நாணல் மூங்கில் புதர் புதராக வளர்கிறது. பாயும் கூடையும் முடைவது அதில்தான். நிழலைப் பொறுக்கும். ஆனால் அதற்கு ஓடை வேண்டும். அங்கே பெய்கிற மழையில் மூன்றில் ஒரு பங்கு இங்கே பெய்தால் அதிகம். சித்திரையில் என் கிணறு எனக்கே பதில் சொல்லாது. ஈற்றக்கு எங்கே சொல்லும்?

'புத்தர் வயிறு' என்று ஒரு மூங்கில் பார்த்தேன். கணுவுக்குக் கணு தொந்தி போட்டிருக்கும். அதன் சங்கதி வேடிக்கையானது. தொட்டியில் வைத்து, தண்ணீரைக் குறைத்துப் பட்டினி போட்டால்தான் தொந்தி விழுமாம். நல்ல மண்ணில் வைத்து வயிறாரப் போட்டால் மற்ற மூங்கில் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்துவிடுமாம். எழுத்தாளர்களுக்கு நேர் எதிர்.

அம்மா ஒரு சந்தேகம் கேட்டாள். "மூங்கில் பூத்தா குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்களே?" இந்தத் தடவை நான் பிரசங்கம் செய்யவில்லை. மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை. அது கதையில்லை என்பதைப் படித்திருந்தேன். மிசோரம் மலைகளில் ஒரு வகை மூங்கில் நாற்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை காடு முழுக்க ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்துச் செத்துப்போகிறது. அந்த விதையைத் தின்று எலிகள் பெருகி, விதை தீர்ந்ததும் வயல்களில் இறங்குகின்றன. 1959இல் அப்படிப் பூத்தபோது பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கென்று கூடிய சங்கம் 1961இல் அரசியல் கட்சியாகி, 1966இல் கலகமாக வெடித்து, 1986இல்தான் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒரு பூ பூத்து இருபது வருஷச் சண்டை. நம்ம பக்கத்துப் பெரிய மூங்கிலும் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை பூத்துச் சாகும். "அப்ப நம்ம வைக்கிறது?" என்றாள். "அபூர்வமாகத்தான் பூக்குமாம்" என்றேன். "பூக்கறப்ப நான் இருக்கமாட்டேன், நீ பார்த்துக்க" என்று சிரித்தாள்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது வேலி மூங்கில். சாஸ்திரப் பெயர் பாம்பூசா மல்டிப்ளெக்ஸ். சீன தேசத்திலிருந்து வந்து எல்லா வெப்ப நாடுகளிலும் வேலியாக நிற்கிறது. தூறு இறுக்கமாகக் கட்டும். தண்டு விரல் பருமன், மிஞ்சினால் ஓர் அங்குலம். உயரம் பத்திலிருந்து இருபதடி. முள் கிடையாது. அடியிலிருந்தே இலை விடும். அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும். நுனியை வெட்டிவிட்டால் அந்தத் தண்டு பிறகு உயராது. எந்த உயரம் வேண்டுமோ அந்த உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அதிலேயே மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்ட ஒரு ரகம் உண்டு. அல்போன்ஸ் கார் என்று பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்த ஒரு பிரெஞ்சு நாவலாசிரியரின் பேர் அது. பத்திரிகை நடத்தி, நாவல் எழுதி, பிறகு கடலோரத்து நீஸ் நகரத்துக்குப் போய்ப் பூந்தோட்டம் போட்டவர். ஒரு நாவலாசிரியன் கொல்லையில் இன்னொரு நாவலாசிரியர் நிற்கட்டுமே என்று கை துறுதுறுத்தது. ஆனால் வெயில் பட்டால்தான் அந்த ரகத்துக்கு நிறம் எடுக்கும் என்றார்கள். அழகுக்கு ஆசைப்பட்டு ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று சாதாரணப் பச்சையையே வாங்கினேன்.

கன்று வந்திறங்கிய அன்று கூடைக்காரம்மாவும் தற்செயலாக வந்தாள். ஒரு தண்டை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது கூடைக்கும் ஆவாது, பாடைக்கும் ஆவாது."

அம்மா கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. "அப்ப சரி, வைடா" என்றாள். எத்தனையோ லட்சணங்கள் பட்டியல் போட்ட நான், எதற்கும் உபயோகப்படக்கூடாது என்ற லட்சணத்தைப் போடாமல் விட்டிருந்தேன்.

மேற்கு மதிலிலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி பள்ளம் எடுத்து, எருவும் மணலும் கலந்து, நாலடிக்கு ஒன்றாக ஆறு கன்று வைத்தேன். வடமேற்கு மூலையில் ஆறடியைச் சும்மா விட்டேன். முதல் இரண்டு வருஷக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பாத்திரம் கழுவிய தண்ணீரே பெரும்பாலும் போதுமாயிருந்தது. உதிர்ந்த இலையைப் பெருக்காமல் அடியிலேயே விட்டால் ஈரம் காயாது. ஐப்பசி கடைசியில், மலைப்பக்கம் சாய்கிற தண்டுகளை அடியோடு அறுத்துவிடுவேன். இப்போது அது எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஏறிவிட்டது. தீபத்துக்கு முன் வெள்ளையடிக்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் மூங்கில் அறுப்போம்.

மூன்றாம் வருஷம் மறைப்பு முழுசாகிவிட்டது. கல்லில் உட்கார்ந்தால் ஒரு ஜன்னல் தெரியாது. மூலையில் மலை உச்சி தெரியும். காற்றடித்தால் புடவை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். சிட்டுக்குருவி இல்லாவிட்டாலும் தையல்சிட்டு வந்தது. நான் ரொம்பப் பெருமையாக இருந்தேன்.

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நல்ல பேர் கிடைக்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அந்தக் கோடையில் அம்மா கொல்லைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். இடுப்பு வலி என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் அவள் மூங்கில் தூறை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு நின்று மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். முதல் மாடி ஜன்னலில் ஒரு நடுவயது அம்மாள். பக்கத்தில் ஒரு குழந்தை. அம்மா, "ஏ ஊரு மீதி?" என்று தெலுங்கில் கேட்டாள். அந்த அம்மாள் நெல்லூர்ப் பக்கம் ஏதோ ஊர் சொன்னாள். சாப்பாடு ஆயிற்றா, எத்தனை குழந்தைகள், கிரிவலம் சுற்றினது காலுக்கு என்ன செய்கிறது என்றெல்லாம் அம்மா விசாரித்தாள். சின்ன வயசில் ஆரணியில் அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்ட தெலுங்கு. அது இன்னும் அவளிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். மூங்கில் மூடிக்கொண்டது.

"உனக்கு ஜன்னல் வேண்டியிருந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"ஆளு நடமாட்டம் தெரியும். தினம் ஒரு ஊரு ஜனம். பேச்சுத் துணைக்கு ஆச்சு. நீ காலையிலே எழுத உக்காந்தா சாயந்திரம்தானே எழுந்திருக்கிறே?"

"அப்படியானால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

"நீ எனக்காகத்தானே வச்சே" என்றாள்.

எட்டு வருஷமாக நான் நிழலை அளந்தேன், வெயிலை மணிக்கணக்கில் அளந்தேன், தண்டின் பருமனை அளந்தேன், மலைக்கு ஆறடி விட்டேன். கல்லில் உட்கார்ந்திருப்பவளை, "உனக்கு எது மறைய வேண்டும்?" என்று ஒரு தடவை கேட்கவில்லை. படம் பிடித்த பையன் மேல் எனக்கு வந்த கோபத்தை அவளுடைய கோபம் என்று நினைத்து, அதற்கு எருப் போட்டு, தண்ணீர் விட்டு, பதினைந்தடி வளர்த்திருந்தேன்.

ஆறு தூறில் ஒன்றை எடுத்துவிட்டேன். நடுவிலே, முதல் மாடியின் இரண்டாவது ஜன்னலுக்கு நேரே. வேலி மூங்கிலானதால் ஒரு ஆளே அரைநாளில் எடுத்துவிட்டான். மற்ற ஜன்னல்கள் மறைந்தபடியே இருக்கின்றன. குளிக்கிற இடம் மறைவாக இருக்கிறது. தலை ஆற்ற வேண்டுமானால் அம்மா இந்தப் பக்கம் உட்காருவாள். பேச வேண்டுமானால் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வாள்.

நிழலான கொல்லைக்கு எந்த மூங்கில் நல்லது என்று என்னைக் கேட்டு இரண்டொருவர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தூறு கட்டுகிற ஜாதியா என்று பாருங்கள்; எத்தனை மணி வெயில் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்; முழு உயரம் என்ன என்பதை விற்கிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள்; வெளிச்சம் வரும் பக்கம் அது சாயும் என்பதை மறக்காதீர்கள். மிச்சத்தை அந்தக் கொல்லையில் உட்காருகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொல்லையிலிருந்து தெலுங்கு கேட்கிறது. இன்றைக்கு எந்த ஊரோ தெரியவில்லை.